சிசேரியன்: சொல்லும் தழும்பும்

கடலூர் முதுநகரில் இருக்கும் என் அண்ணிக்கு இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை சிசேரியன். "ஒரு தடவை ஆபரேஷன்னா அடுத்ததும் ஆபரேஷன்தாம்மா" என்று அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார். அண்ணி என்னிடம் கேட்டது வேறு: "சீசர் இப்படிப் பொறந்ததாலதான் இந்தப் பேராமே, நெசமா?"

நம்புவதற்கில்லை. பழைய ரோமில் தாய் இறந்தபின்போ இறக்கும் தறுவாயிலோதான் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுப்பார்கள். சீசரின் தாய் அவுரேலியாவோ மகன் நாற்பதைத் தாண்டும்வரை உயிரோடு இருந்தவர். இலத்தீனில் வெட்டுவதைக் குறிக்கும் 'கைடெரே' என்ற வினையிலிருந்து வந்த சொல் என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் கதை விடவில்லை. ஜெர்மானியர் இன்றும் இதை 'கைசர்ஷ்னிட்' என்கிறார்கள், அதாவது பேரரசர் வெட்டு!

தமிழில் 'அறுவை மகப்பேறு' என்பது நேரான சொல். 'பெறு' என்ற வினையின் முதலெழுத்து நீண்டு 'பேறு' ஆனது. கெடு கேடானது போல, சுடு சூடானது போல. பேறு என்றால் பாக்கியமும்தான். குறளின் ஏழாம் அதிகாரம் மக்கட்பேறு. எனக்குச் சங்கடம் தருவது 'சுகப்பிரசவம்'. ராத்திரி முழுக்க வலித்துப் பெற்றவளைக் கேட்டால் அந்தச் சுகம் தெரியும். கத்தி பட்டுப் பெற்றவளுக்கோ சுகமே இல்லை என்றாகிறது. 'இயல்புப் பேறு' போதும். டாக்டர்கள் 'வீபேக்' என்பதை 'அறுவைக்குப் பின் இயல்புப் பேறு' என்று சொல்லலாம். நீளம்தான், ஆனால் கேட்டதும் புரியும்.

சரி, அம்மாவின் தீர்ப்பு? 1916-இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் எழுதியதும் அதே வாசகம்தான். முதல் கீறலை யோசித்துப் போடுங்கள் என்று சக மருத்துவர்களை எச்சரிக்க அவர் எழுதியது அது. அப்போது கருப்பையை நெடுக்காகக் கீறுவார்கள்; அடுத்த பிரசவ வலியில் அது பிளக்கும் ஆபத்து அதிகம். இப்போது பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் குறுக்குக் கீறல். அப்படி ஒரே கீறல் உள்ளவர்கள் வலி வரவிட்டு முயன்றால், நூற்றுக்கு 60 முதல் 80 பேர் இயல்பாகவே பெறுகிறார்கள். முன்பே ஒரு பிள்ளையை இயல்பாகப் பெற்றிருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். கருப்பை கிழிவது சுமார் 200 பேரில் ஒருவருக்கு. கிழிந்தால் உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும். ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் எந்நேரமும் தயாராக உள்ள ஆஸ்பத்திரியில்தான் இதை முயலலாம்.

"தையல் பிரிஞ்சிடும்" என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துவார்கள். உள்ளே போட்ட நூல் சில மாதங்களில் கரைந்தே போயிருக்கும். மிஞ்சுவது தழும்பு; கவலைப்பட வேண்டியதும் அதைப் பற்றித்தான். வெளியே தோலில் தெரியும் கோட்டை வைத்து உள்ளே எப்படிக் கீறினார்கள் என்று சொல்ல முடியாது. பழைய சீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அண்ணி பீரோவைக் குடைந்து, மஞ்சள் பையிலிருந்து முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்தார். மடிப்பில் நைந்திருந்தது. டாக்டரின் கிறுக்கலுக்கு நடுவே 'எல்.எஸ்.சி.எஸ்.' என்று நாலெழுத்து. "கர்ப்பப்பையோட கீழ்ப்பகுதியில கீறியிருக்காங்கன்னு அர்த்தம் அண்ணி" என்றேன்.

அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சீட்டை வாங்கிப் பார்த்தார். அப்புறம் நாலாக மடித்து அண்ணியிடமே நீட்டினார். "பாண்டிக்கு செக்கப்புக்குப் போறப்ப இதையும் எடுத்து வச்சுக்கம்மா."