காய்ச்சல் நாளில் நடக்க முடிகிற தெரு

இராமநாதபுரம் கடலோரத்துக்குப் பணி மாறுதலில் வந்து தனியாக வீடு எடுத்துத் தங்கும் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் காய்ச்சலோடு என்னிடம் வரும்போது, மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன் வீடு எந்தப் பக்கம் என்று கேட்பது ஒரு பொதுநல மருத்துவனாக எனக்குப் பழகிப்போன கேள்வி. மாத்திரை வாங்கவும் கஞ்சிக்கு நொய் வாங்கவும் அனுப்புவதற்கு வீட்டில் வேறொருவர் இல்லாதபோது நோயாளியேதான் எழுந்து போக வேண்டும். 102 டிகிரி காய்ச்சலில் தலைசுற்றலோடு பைக் ஓட்டக் கூடாது. ஆகவே தனியாக வாழ்பவர் வீடு பார்க்கும்போது, மருந்துக் கடை, மளிகைக் கடை, இட்லிக் கடை, பேருந்து நிறுத்தம் ஆகிய நான்கும் பத்து நிமிட நடைக்குள் இருக்கின்றனவா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

வாடகை குறைவு என்று தேசிய நெடுஞ்சாலை 87-ஐ ஒட்டிய புது மனைப்பிரிவில் குடியேறிய ஆசிரியர் ஒருவர், இரண்டு நாள் பிஸ்கட்டும் தண்ணீருமாகக் கிடந்து, உடல் நீர் வற்றிய நிலையில் வந்து சேர்ந்தார். அவர் வீட்டிலிருந்து கடைக்குத் தூரம் அதிகமில்லை. ஆனால் லாரிகள் விரையும் சாலையில் நடைபாதை கிடையாது, ஓரமெல்லாம் சீமைக்கருவேல முள், நிழலென்று எதுவும் இல்லை. அதே தூரத்தைக் கீழக்கரையின் குறுகிய தெருக்களில், எதிரெதிர்ச் சுவர்களின் நிழலில், நண்பகலிலும் ஓரளவு நடந்துவிடலாம். இராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளும் இராமநாதபுரத்தில் அரண்மனைப் பகுதியும் கடைகளுக்கு வசதியானவை. ஆனால் ஆடி, தை அமாவாசை நாள்களில் ரத வீதிகளில் கால் வைக்க இடமிருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. கடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் தினமும் நடந்து போய்வருபவருக்கு அதில் பெரும்பகுதி தானாகவே நிறைவேறிவிடும். (கடற்கரை பக்கத்தில் இருக்கிறது, அங்கே நடந்துகொள்வேன் என்று வாக்களித்த எத்தனையோ பேருக்கு நானே சர்க்கரை மாத்திரையை உயர்த்தி எழுதியிருக்கிறேன்.)

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு முறை உச்சி வெயிலிலும் ஒரு முறை இரவு ஒன்பது மணிக்கும் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா, நாய்கள் எங்கே கூடுகின்றன என்பதெல்லாம் இரவில்தான் தெரியும். தனியாகத் தங்கப்போகும் பெண்கள் இந்த இரவு நடையைத் துணையோடு சென்று பார்ப்பது நல்லது. நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும் பல ஊர்களில் குடிதண்ணீரைக் குடக்கணக்கில் வாங்க வேண்டியிருப்பதால், தண்ணீர் வண்டி உங்கள் வாசல்வரை வருமா, வரும் நேரத்தில் நீங்கள் வீட்டில் இருப்பீர்களா என்றும் விசாரியுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்பதை மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்காமல், தெருமுனைப் பெட்டிக் கடையில் கேளுங்கள்.