தண்ணீர் உருண்டைதானே, டாக்டர்?

இந்தப் பள்ளி விடுமுறையில் என்னிடம் வந்த அடிபட்ட கண்களில் இது மூன்றாவது. ஒன்பது வயதுப் பையன். மலேசியாவின் ஜொகூரில் வாங்கிவந்த, தண்ணீரில் ஊறிய ஜெல் உருண்டைகளைச் சுடும் பொம்மைத் துப்பாக்கியால், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அண்ணன் சுட்டிருக்கிறான். நடந்தது முந்தின நாள் மாலை. வலி குறைந்துவிட்டது என்று அப்படியே விட்டிருக்கிறார்கள். காலையில் எழுப்பினால் தூங்கித் தூங்கி விழுகிறானாம். விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். கிளாஸின் அடியில் ரோஸ் சிரப் தங்கியதுபோல, கருவிழியின் கீழ்ப்பகுதியில் ரத்தம் கோடு கட்டி நின்றது.

"தண்ணீர் உருண்டைதானே டாக்டர், கையில் பட்டால் நசுங்கிவிடுகிறதே" என்றார் அம்மா.

கையில் பட்டால் நசுங்கும், சரி. கண் கை இல்லையே அம்மா! கால்பந்து முகத்தில் மோதினால் புருவ எலும்பும் கன்ன எலும்பும் அடியை வாங்கிக்கொள்ளும். ஊறிய ஜெல் உருண்டை 7, 8 மில்லிமீட்டர்தான். அந்த எலும்புகளுக்கு நடுவே நேராக உள்ளே போய்விடும். நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் சுடும் வகைகள் இருக்கின்றன. மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். நம் சிங்கப்பூர் விரைவுச்சாலையில் 90க்கு மேல் போனாலே அபராதம். உருண்டை என்னவோ நசுங்கத்தான் செய்கிறது, ஆனால் அதற்குள் அடி இறங்கிவிடுகிறது.

பள்ளியில் துப்பாக்கிப் பாதுகாப்பு சொல்லித்தர வேண்டும் என்று நான் சொன்னால் சக மருத்துவர்களே சிரிக்கிறார்கள். சிங்கப்பூரில் துப்பாக்கி ஏது? துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டரைக்கூட உள்ளே கொண்டுவர முடியாத ஊர் இது. உண்மைதான். ஆனால் இதே பையன்கள்தான் கட்டாய தேசிய சேவைக்குப் போய் எஸ்ஏஆர் 21 ராணுவத் துப்பாக்கியை ஏந்தப்போகிறார்கள். தேசிய மாணவர் படையில் சேர்ந்தால் உயர்நிலைப்பள்ளியிலேயே ஏந்துவார்கள். அங்கே முதலில் படிவது, குழலை ஆள் பக்கம் திருப்பாதே என்பது. எனக்குத் தொடக்கப்பள்ளியில் வேண்டியதும் அது ஒன்றுதான். பொம்மையானாலும் முகத்துக்கு நேரே நீட்டாதே.

மேடையில் ஒப்பிக்க வைத்தால் மட்டும் போதாது. 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 8 முதல் 12 வயதுப் பையன்களை ஓர் அறையில் விட்டு, குண்டில்லாத நிஜக் கைத்துப்பாக்கியை இழுப்பறையில் ஒளித்துவைத்தார்கள். கண்டெடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அதைப் பொம்மை என்று நினைத்தார்கள், அல்லது நிஜமா பொம்மையா என்று தெரியாமல் விழித்தார்கள். கையில் எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பாதுகாப்புப் பாடம் கேட்டவர்கள். ஆகவே கையைப் பிடித்துப் பழக்க வேண்டும், மறுபடி மறுபடி.

பெற்றோருக்கு. அடிபட்ட கண்ணைக் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம், பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் கொடுத்தால் ரத்தக்கசிவு கூடலாம். கண்மேல் படாதபடி ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து ஒட்டி, தலையை உயர்த்தி உட்காரவைத்து, அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். வலி போய்விட்டாலும் வாருங்கள். முதல் ஐந்து நாளுக்குள் மறுபடி கசியலாம். அந்த இரண்டாவது கசிவுதான் எங்களைப் பயமுறுத்துவது. கண்ணழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா பல வருடம் கழித்தும் வரலாம் என்பதால், இந்தப் பையனுக்கு இனி ஆண்டுதோறும் கண்ணழுத்தம் பார்க்க வேண்டும். பவர் கண்ணாடி போட்டிருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அது பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது.

கிளம்பும்போது, அந்தத் துப்பாக்கி எங்கே என்று கேட்டேன்.

"அலமாரி உச்சியில் ஒளித்துவைத்துவிட்டேன் டாக்டர், இவர்களுக்குத் தெரியாது."

மூலையில் அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த அண்ணன் மெதுவாகச் சொன்னான்: "நாற்காலி போட்டால் எட்டும்மா."