பெயர் தெரியாத கண்ட்ரோலர்: எந்த ஒயர் எதற்கு என்று மீட்டரால் கண்டறியும் முறை

மின்சார சைக்கிளிலிருந்து கழற்றிய ஓர் அலுமினியப் பெட்டி. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே நின்று மோட்டாரை ஓட்டும் கண்ட்ரோலர் இது. அதிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட ஒயர்கள் தொங்குகின்றன; வரைபடம் இல்லை. சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ் என்ற கணக்கு தடித்த ஒயர்களுக்குப் பெரும்பாலும் சரிவரும். மெல்லிய ஒயர்களில் அதை நம்பக்கூடாது. ஒரே பெட்டியில் ஒரு மெல்லிய சிவப்பு பேட்டரியின் 48 வோல்ட்டை எதிர்பார்க்கும். இன்னொரு மெல்லிய சிவப்பு 5 வோல்ட்டை வெளியே தரும். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் உள்ளிருக்கும் மைக்ரோகண்ட்ரோலர் என்ற கணினிச் சில்லு அப்போதே போய்விடும்.

முதலில் லேபிளைப் பாருங்கள். சீன எழுத்து புரியாவிட்டாலும் எண்கள் போதும். 48 என்பது பேட்டரி வோல்ட். 42-ஐ ஒட்டிய எண், எந்த வோல்ட்டுக்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்தும் என்பது. ஆம்பியர் குறியோடு இருப்பது உச்ச மின்னோட்டம். 120° என்பது ஹால் சென்சார்களின் கோணம்; மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று காந்தத்தை வைத்துச் சொல்பவை அவை. லேபிள் உரிந்து போயிருந்தால், மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் உருளை) அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 63 வோல்ட் என்றிருந்தால் அது 36 அல்லது 48 வோல்ட் கண்ட்ரோலர். 60 வோல்ட் பேட்டரியை அதில் மாட்டக்கூடாது. முழு சார்ஜில் அந்த பேட்டரி 67 வோல்ட்டைத் தொட்டுவிடும்.

இனி பேட்டரி இல்லாமலே செய்ய வேண்டிய சோதனை. கெபாசிட்டரில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு, மல்டிமீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். சிவப்பு முனை தடித்த மைனஸ் ஒயரில், கருப்பு முனை தடித்த மஞ்சள், பச்சை, நீல ஒயர்களில் ஒவ்வொன்றாக. மூன்றிலும் 0.4 முதல் 0.6 வரை ஏறக்குறைய ஒரே அளவு வந்தால் அவைதான் மோட்டாருக்குப் போகும் ஃபேஸ் ஒயர்கள். பிறகு கருப்பு முனையைத் தடித்த பிளஸ் ஒயருக்கு மாற்றி, சிவப்பு முனையால் அதே மூன்றையும் தொடுங்கள். அங்கும் அதே அளவு வரவேண்டும்.

காரணம் இதுதான். ஒவ்வொரு ஃபேஸ் ஒயரும் மாஸ்ஃபெட் எனப்படும் இரண்டு மின்னணு சுவிட்சுகளுக்கு நடுவிலிருந்து வருகிறது. ஒன்று பிளஸோடும் மற்றது மைனஸோடும் இணைக்கும். ஒவ்வொரு மாஸ்ஃபெட்டுக்குள்ளும் இயல்பாகவே ஒரு டயோடு உண்டு. அது மைனஸிலிருந்து பிளஸ் பக்கம் மட்டுமே மின்சாரத்தை விடும். மீட்டர் அளப்பது அந்த டயோடைத்தான். ஏதாவது ஒரு ஃபேஸில் பூஜ்யம் காட்டினால் அந்த மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகிவிட்டது. மேற்கொண்டு ஒயர் தேடுவது வீண் வேலை. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் கண்ட்ரோலர் புகைவதும் இதே டயோடுகளால்தான். தலைகீழ் பேட்டரிக்கு அவை நேர் ஷார்ட்.

அடுத்தது மெல்லிய ஒயர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பது. மீட்டரை பீப் நிலைக்கு மாற்றி, ஒரு முனையைத் தடித்த மைனஸில் நிலையாக வையுங்கள். பீப் அடிக்கும் மெல்லிய ஒயர்கள் எல்லாமே கிரவுண்டு. அவற்றில் கருப்பு டேப் சுற்றுங்கள். ஆறு துளை பிளக்கில் ஐந்து ஒயர் இருந்தால் அது ஹால் சென்சார் பிளக். அதன் சிவப்பில் ஒரு முனையை வைத்து மற்ற பிளக்குகளைத் தேடினால் ஆக்சிலேட்டரின் சிவப்பும், பெடல் சென்சார் இருந்தால் அதன் சிவப்பும் பீப் அடிக்கும். இது 5 வோல்ட் குடும்பம். இவற்றுக்குத் தனி நிற டேப். டேப் சுற்றிய எந்த ஒயரிலும் பேட்டரி வோல்ட் படவே கூடாது.

தடித்த சிவப்போடு நேரே பீப் அடிக்கும் மெல்லிய ஒயர் இருந்தால் அது சாவிப் பூட்டுக்குப் போகும் பேட்டரி பிளஸ். பூட்டிலிருந்து திரும்பி வரும் ஒயர்தான் கண்ட்ரோலரை விழிக்க வைப்பது. அது பெரும்பாலும் தனி ஒற்றை பிளக்கிலோ, தடித்த பேட்டரி ஒயர்களோடு சேர்ந்தோ, சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் வரும். இரண்டு டேப்பும் சுற்றாத, தடித்த சிவப்போடு பீப் அடிக்காத ஒயர்களில்தான் அதைத் தேட வேண்டும்.

இப்போது பேட்டரி. பிளஸ் வழியில் 2 ஆம்பியர் ஃப்யூஸும் பழைய 100 வாட் குண்டு பல்பும் தொடராக இருக்கட்டும். இணைத்தவுடன் பல்பு ஒரு கணம் மினுங்கி அணைந்தால் கெபாசிட்டர் நிறைந்துவிட்டது என்று பொருள். மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், அல்லது பேட்டரி தலைகீழ், உடனே கழற்றுங்கள். ஆக்சிலேட்டர் பிளக்கின் 5 வோல்ட் ஒயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மீட்டரை வைத்துக்கொண்டு, தேர்ந்தெடுத்த பூட்டு ஒயரைப் பல்புக்குப் பின்னுள்ள பிளஸில் தொடுங்கள். 5 வோல்ட் எழுந்தால் சரியான ஒயர் கிடைத்துவிட்டது.

கண்ட்ரோலர் விழித்ததும் ஹால் பிளக்கின் மற்ற மூன்று ஒயர்களும் ஏறத்தாழ 5 வோல்ட் காட்டும். ஹால் சென்சாரால் வோல்ட்டை மேலே தூக்க முடியாது, கீழே இழுக்க மட்டுமே முடியும். அதனால் கண்ட்ரோலரே ஒரு ரெசிஸ்டர் வழியாக அவற்றை மேலே தூக்கி வைத்திருக்கிறது. எல்லாமே 5 வோல்ட் காட்டும்போது உண்மையான சப்ளை எது? ஒவ்வொரு ஒயரையும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரால் கிரவுண்டோடு இணைத்துப் பாருங்கள். சப்ளை அசையாது; மற்றவை சட்டென்று இறங்கும்.

ஆக்சிலேட்டர் பிளக்கின் மூன்றாவது ஒயர் சிக்னல். ஆக்சிலேட்டரை மாட்டினால் அதில் 0.8 வோல்ட் அளவில் இருந்து, முழுதாகத் திருப்பும்போது 3.5 முதல் 4.2 வரை ஏறும். ஆக்சிலேட்டரின் கிரவுண்டு ஒயர் மட்டும் அறுந்தால் சிக்னல் மேலேறி, கையை எடுத்தாலும் சக்கரம் ஓடக்கூடும். மலிவான சில கண்ட்ரோலர்கள் இதைக் கண்டுகொள்ளாது. சோதனை முடியும்வரை சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கட்டும். பிரேக் ஒயரில் இரண்டு வகை உண்டு. ஒன்றை கிரவுண்டோடு தொட்டால் மோட்டார் நிற்கும். மற்றது பிரேக் லைட்டின் 12 வோல்ட் வந்தால் நிறுத்தும். இரண்டாவது வகை ஒயரை கிரவுண்டில் தொட்டுவிட்டு, பிரேக் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும்.

கடைசியாக மோட்டார். அதன் ஹால் பிளக்கை விழித்திருக்கும் கண்ட்ரோலரின் ஹால் பிளக்கோடு மாட்டிச் சக்கரத்தை மெல்லச் சுற்றினால் மூன்று சிக்னலும் தனித்தனியே 0-க்கும் 5-க்கும் மாற வேண்டும். கியர் உள்ள ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) என்றால் பின்னோக்கிச் சுற்றுங்கள். முன்னோக்கிச் சுற்றும்போது உள்ளே மோட்டார் சுழலாது. மூன்றும் ஒரே நேரத்தில் 5 அல்லது ஒரே நேரத்தில் 0 என்ற நிலை 120° மோட்டாரில் வராது. வந்தால் ஒரு சென்சார் கெட்டிருக்கிறது.

ஓட்டிப் பார்க்கும்போது பல்பை எடுத்துவிட்டு 10 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். ஹால் ஒயர்களை நிறத்துக்கு நிறம் இணைத்து, அவற்றைத் தொடாமல் ஃபேஸ் ஒயர்களை மட்டும் மாற்றினால் ஆறு வரிசைகள்தான் உண்டு. அதில் ஒன்றே ஒன்று சரி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஆக்சிலேட்டரை நூலளவுக்கு மேல் திருப்பாதீர்கள். தவறான வரிசையிலும் சில மோட்டார்கள் கரகரவென்று சுற்றும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சிறிய ஹப் மோட்டார் சரியான வரிசையில் சத்தமின்றி, சுமையில்லாமல் 1 ஆம்பியரை ஒட்டியே இழுக்கும். அதைவிடப் பல மடங்கு இழுத்தால் மாஸ்ஃபெட் சூடேறிக்கொண்டிருக்கிறது. சீராகச் சுற்றியும் திசை மட்டும் தலைகீழ் என்றால், ஹால் சிக்னலில் ஏதாவது இரண்டை இடம் மாற்றி மறுபடி ஆறு வரிசையையும் பாருங்கள்.

பிளக்கோடு ஒரே நிறத்தில் இரண்டு மெல்லிய ஒயர், பெரும்பாலும் வெள்ளை, இருந்தால் இந்தத் தேடல் தேவைப்படாது. அது தானாகக் கற்கும் ஒயர். இரண்டையும் சேர்த்து கண்ட்ரோலரை விழிக்க வைத்தால் சக்கரம் தானே சுற்றி வரிசையைக் கண்டுகொள்ளும். திசை தலைகீழாக இருந்தால் பிரித்து மீண்டும் சேருங்கள். முடிந்ததும் பிரித்து, இரு முனைகளையும் தனித்தனியே டேப் சுற்றி வையுங்கள். மழையில் அவை ஒட்டிக்கொண்டால் சாவி போட்டதும் சக்கரம் சுற்றத் தொடங்கும்.