கோல்கீப்பர்கள் சொன்னது சரிதான்

2010 கால்பந்து உலகக் கோப்பை தொடங்கும் முன்பே கோல்கீப்பர்கள் முறையிட ஆரம்பித்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் ஆடுவதற்காக அடிடாஸ் செய்த புதுப் பந்து ஜபுலானி. அது காற்றில் நேராக வரவில்லை என்பதுதான் புகார். பிரேசிலின் ஜூலியோ சீசர் அதைக் கடையில் விற்கும் மலிவான பிளாஸ்டிக் பந்தோடு ஒப்பிட்டார். கோல் விடுகிறவர்களின் சாக்கு என்றே பலரும் நினைத்தார்கள். காற்றை வேகமாக வீசிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தபோது உண்மை கோல்கீப்பர்கள் பக்கம் இருந்தது.

பழைய பாணிப் பந்தில் 32 துண்டுகள். அவற்றின் தையல்களை நீட்டி வைத்தால் சுமார் 4 மீட்டர் வரும். ஜபுலானியில் சூட்டில் ஒட்டிய 8 துண்டுகள்தான். இணைப்பின் நீளம் 2 மீட்டராகச் சுருங்கிவிட்டது. வழவழப்பான பந்து இன்னும் நேராகத்தானே பறக்க வேண்டும்? இல்லை, இங்கேதான் நம் உள்ளுணர்வு ஏமாந்துபோகிறது.

பந்தின் மேல்தோலை ஒட்டி மெல்லிய காற்றுப்படலம் ஓடுகிறது. தையலின் பள்ளம் அதைக் கலக்கிவிடும். கலங்கிய காற்று பந்தின் முதுகுவரை ஒட்டிக்கொண்டு போகும். கலங்காத காற்று பாதியிலேயே பிரிந்துவிடும். பந்து சுழலாமல் வரும்போது, ஒரு குறிப்பிட்ட வேகத்தில், தையல் உள்ள பக்கம் மட்டும் கலங்கி மறுபக்கம் அப்படியே இருக்கும். உடனே பந்து தையல் பக்கமாக இழுக்கப்படும். கிரிக்கெட் பந்து ஸ்விங் ஆவதும் இப்படித்தான். அங்கே தையல் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பதால் பந்து ஒரே திசையில் வளைகிறது. கால்பந்து மெல்லத் திரும்பிக்கொண்டே வருவதால் இழுப்பு இடமும் வலமும் மாறுகிறது. கை நீட்டிய இடத்தில் பந்து இருப்பதில்லை.

எந்தப் பந்துக்கும் இந்தத் தள்ளாட்டம் உண்டு. எந்த வேகத்தில் என்பதுதான் கேள்வி. ஜபுலானிக்கு அது மணிக்கு 80 கிலோமீட்டரை ஒட்டி அமைந்தது. ஃப்ரீ கிக் பாய்கிற வேகமும் ஏறக்குறைய அதுவே! போதாக்குறைக்கு ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். மெலிந்த காற்றில் பந்தின் வேகம் குறைவதும் மெதுவாகத்தான்.

2014 உலகக் கோப்பைக்கு வந்த பிரசூகா பந்தில் துண்டுகள் இன்னும் குறைவு, வெறும் 6. ஆனால் இணைப்புகள் நெளிந்து ஓடியதால் நீளம் 3.27 மீட்டர், பள்ளமும் ஆழம். தள்ளாடும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் பக்கம் இறங்கியது. கோலை நோக்கிப் பலமாக உதைக்கும் பந்து அதைவிட வெகு வேகமாகவே பறக்கும்.