பார்ஜ் மூடியும் ஒரு பாரம்தான்

கடலூர் முதுநகரில், உப்பனாற்று முகத்துவாரத்தை ஒட்டிய துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் நெடுங்காலம் கரையை அணைந்ததில்லை. அவை கடலில் நங்கூரமிட்டு நிற்க, பார்ஜுகள் எனப்படும் தட்டையான சரக்குப் படகுகள் சரக்கைக் கரை சேர்ப்பதே வழக்கமாக இருந்தது. இத்தகைய முனையங்களில் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கும் எனக்கு ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. சரக்கைத் தூக்குவதற்கு எடை, ஸ்லிங் (சுமையைக் கிரேன் கொக்கியில் மாட்டும் கயிறு அல்லது சங்கிலி), கிரேனின் திறன் என அனைத்தையும் கணக்கிடுகிறவர்கள், அதை மூடியிருக்கும் மூடியைத் தூக்குவதற்கு எந்தத் திட்டமும் வைத்திருப்பதில்லை.

இரண்டு டன் எடையுள்ள இரும்பு மூடியை இரு கால் ஸ்லிங்கால் தூக்குவதாகக் கொள்வோம். ஸ்லிங் கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் நின்றால் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 1.15 டன் இழுவிசையைத் தாங்கும். அகலமான மூடிக்குக் குட்டையான ஸ்லிங்கை மாட்டிக் கோணம் 30 பாகையாகக் குறைந்தால், ஒவ்வொரு காலும் முழு இரண்டு டன்னையும் தாங்க நேரிடும். நீளமான ஸ்லிங் அல்லது குறுக்குச் சட்டம் இதற்குத் தீர்வு. காற்றையும் மறக்கலாகாது. அதன் வேகம் இரு மடங்கானால் மூடியின் மீதான விசை நான்கு மடங்காகும் என்பதால், பிற்பகலில் கடற்காற்று வலுக்கும் முன்பே மூடிகளைக் கழற்றி வைப்பது நல்லது. தொங்கும் மூடியைக் கையால் பிடித்துத் திருப்பக் கூடாது; இரு முனைகளிலும் கட்டிய கயிற்றால், விலகி நின்றே திருப்ப வேண்டும்.

தார்ப்பாய் போடும் பார்ஜுகளில் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானம் இருண்டதும், யூரியா நனைந்து கட்டியாகிவிடுமே என்ற பதற்றத்தில் ஆட்கள் விளிம்பில் ஓடுகிறார்கள். தார்ப்பாயை இழுப்பவர் பின்னோக்கியே நடப்பதால், அவர் கண் பாயில் இருக்கும். குதிகால், பார்ஜின் சரக்குக் குழியான திறந்த கிடங்கின் ஓரத்தை நெருங்கிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் நின்று இழுக்கவும், லைஃப் ஜாக்கெட் அணியவும், வேலை செய்யும் பகுதியை மட்டும் திறந்துவைக்கவும் பழக்கினால், மழை வந்தாலும் மூட வேண்டிய பரப்பு குறைவாகவே இருக்கும். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பார்ஜுகளில் கண்ணாடியிழை மூடிகளைக் கிரேனால் தூக்கி அடுக்குகிறார்கள். இலகுவானவை என்றாலும், வெயிலில் நைந்த கண்ணாடியிழை ஆள் எடைக்கு உடையக்கூடும். அதன் மீது ஏறி நடப்பது தவறு.

ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்த முடியாத மூடிகளில் அவை எந்தக் கிடங்கின் வாய்க்கு உரியவை, எந்த இடத்தில் அமர்பவை என்பது தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும் என்கிறது 1979-ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை 152. என் பார்வையில் இது பாதுகாப்பு விதி என்ற அளவில் நின்றுவிடாமல், நேரத்தையும் மிச்சப்படுத்தும் விதி. எண்ணிட்ட மூடிகளைக் கழற்றிய வரிசையில் அடுக்கினால், கடைசியில் எடுத்தது மேலே இருக்கும். திரும்பப் பொருத்தும்போது தேடுதலும் இரண்டாம் முறைத் தூக்குதலும் இல்லை. அடுக்கைப் பார்ஜின் ஒரே பக்கத்தில் உயர்த்தினால் அது சாய்ந்துவிடும் என்பதால், இயன்றவரை ஜெட்டியிலேயே சமதளத்தில், கட்டைகளின் மேல் வைக்க வேண்டும்.

நிலக்கரிப் பார்ஜாக இருந்தால், மூடி திறந்ததும் உடனே கிடங்கில் இறங்க அனுமதிக்கக் கூடாது. மூடிக் கிடந்த நிலக்கரி பிராணவாயுவை உறிஞ்சியிருக்கும், ஆகவே கருவியால் அளந்த பிறகே ஆள் இறங்க வேண்டும். நிறுத்து என்று கைகாட்டும் அதிகாரம் எந்த ஒப்பந்ததாரரின் ஆளாக இருந்தாலும் அங்கு நிற்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு என்பதை முனைய நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். கிரேன் ஓட்டுநர் அந்தக் கைகாட்டலுக்குக் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும்.