தொட்டிக்கும் உறை ஊற்ற வேண்டும்

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு முதன்முதலாக மீன்தொட்டி வந்தபோது இரவுச் சந்தையில் பன்னிரண்டு கப்பி மீன்கள் வாங்கினேன். ஐந்தாம் நாள் காலையில் பாதி மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள்கள் சிவந்து, வேகவேகமாக அடித்துக்கொண்டன. மறுநாள் மாலைக்குள் நான்குதான் மிச்சம். தண்ணீரோ பளிங்கு மாதிரி இருந்தது. "யாரோ கண்ணு வெச்சிட்டாங்க" என்றார் அம்மா. அப்பா அதைவிடச் சுறுசுறுப்பானவர். தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டி, கூழாங்கற்களையும் வடிகட்டிப் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, தொட்டியைப் புதிது போல ஆக்கிவிட்டார். அந்த நான்கும் அன்றிரவே போய்விட்டன.

எங்கே தப்பு நடந்தது என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது. "ரெண்டு நாள் தண்ணிய ஓடவிட்டு வைங்க, அப்புறம் மீன் போடலாம்" என்று கடையில் சொன்னார்கள், அப்படியே செய்தோம். அது பாதி உண்மை. பினாங்கிலோ கோலாலம்பூரிலோ குழாயில் வருவது குளோரின் போட்டுக் கிருமி நீக்கிய தண்ணீர். நமக்கு ஒன்றும் செய்யாத அந்தக் குளோரின் மீனின் செவுளைப் பொசுக்கிவிடும். ஒருநாள் திறந்து வைத்து, காற்றுக்குமிழியும் ஓடினால் அது பெரும்பாலும் பறந்துவிடும். அவசரமென்றால் மீன் கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கும் வெள்ளைப் படிகம் நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். அது சோடியம் தயோசல்பேட். ஆனால் குளோரின் போன தண்ணீர் பாதுகாப்பான தண்ணீர் ஆகிவிடாது. விஷமே மீன் வந்த பிறகுதான் உருவாகத் தொடங்குகிறது. அதைத் தயாரிப்பதும் மீன்தான்.

மீன் தன் உடலின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக, அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாற்பது விழுக்காடு புரதமுள்ள தீனியை ஒரு கிராம் போட்டால் சுமார் 37 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் வெளிவரும் என்பது மீன்வளர்ப்புப் பண்ணைகளில் வழக்கமான கணக்கு. எங்களுடையது இரண்டடித் தொட்டி, ஏறக்குறைய 50 லிட்டர். ஒரு நாளைக்கு ஒரு கிராம் தீனி என்றால், தினமும் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் சேரும். மூன்றே நாளில் இரண்டைத் தாண்டும். எங்கள் வீட்டில் தம்பியும் தங்கையும் மாறி மாறித் தீனி போட்டதைப் பார்த்தால், ஒரு கிராம் என்பதே குறைவான கணக்கு.

இந்த அம்மோனியா தண்ணீரில் இரண்டு வேடத்தில் இருக்கும். ஒன்று மின்னேற்றம் பெற்ற அம்மோனியம். அது அவ்வளவாகச் செவுளுக்குள் நுழையாது. மற்றது வெறும் அம்மோனியா. அதுதான் கொல்லி. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை தண்ணீரின் பிஎச்சும் வெப்பமும். பிஎச் என்பது அமிலமா காரமா என்று காட்டும் எண். 7 நடுநிலை, ஏற ஏறக் காரம், இறங்க இறங்க அமிலம். 30 டிகிரி செல்சியஸில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட விஷ வடிவில் இருக்காது, சுமார் 0.8 விழுக்காடுதான். பிஎச் 8 ஆனால் அது 7.5 விழுக்காடு. ஒரே அளவு கழிவு, ஒன்பது மடங்கு விஷம். அதே பிஎச் 8 தண்ணீர் 20 டிகிரியில் இருந்தால் நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு இங்கே தொட்டி வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நம் வெப்பத்தில் விஷமும் அதிகம், தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் ஆக்சிஜனும் குறைவு. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரைதான்.

எங்கள் தொட்டியில் இன்னொரு கூத்தும் நடந்தது. அழகுக்காக, பத்து பெரிங்கி என்னும் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளை ஒரு கைப்பிடி அடியில் பரப்பியிருந்தேன். சிப்பி என்பது கால்சியம் கார்பனேட். மெல்லக் கரைந்து பிஎச்சை உயர்த்தும். விஷத்துக்கு நானே வாசல் திறந்து வைத்திருக்கிறேன்.

அப்படியானால் ஆண்டுக்கணக்கில் ஓடும் தொட்டிகளில் மீன் எப்படிப் பிழைக்கிறது? அங்கே அம்மோனியாவைத் தின்றே வாழும் நுண்ணுயிரிகள் குடியேறியிருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் ஓரளவுக்கு மீனைத் தொந்தரவு செய்யாது, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இரண்டாம் வேலையை நைட்ரோபாக்டர் செய்கிறது என்றுதான் நெடுநாள் எழுதிவந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் தெரிந்தது. 2015இல் அந்த இனத்திலேயே இரண்டு வேலையையும் ஒருவரே முடிக்கும் வகை கிடைத்தது. பாக்டீரியா போலத் தெரிந்தாலும் வேறு வம்சமான ஆர்க்கியாவில், அம்மோனியாவைத் தின்னும் ஒரு நுண்ணுயிரியை 2005இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்ததும் சியாட்டில் நகரத்து மீன் காட்சியகத்தின் தொட்டி ஒன்றிலிருந்துதான். வரவேற்பறை அலங்காரம் என்று நாம் நினைக்கும் பொருள் ஆய்வாளர்களுக்கு இப்படியும் உதவியிருக்கிறது.

சிக்கல் என்னவென்றால் இவை ரொம்ப நிதானமான ஜீவன்கள். பாலைத் தயிராக்கும் பாக்டீரியா ஒரே இரவில் வேலையை முடித்துவிடும். இவை ஒன்று இரண்டாகவே அரை நாள், ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். புதுத் தொட்டியில் போதுமான கூட்டம் சேர மூன்றிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். இங்கே நம் வெப்பம் நமக்குச் சாதகம். 25 முதல் 30 டிகிரி இவற்றுக்குச் சுகமான சூடு.

சீக்கிரம் வேண்டுமென்றால் தயிருக்குச் செய்வதையே செய்யுங்கள். உறை ஊற்றுங்கள். ஆரோக்கியமாக ஓடும் தொட்டி வைத்திருப்பவரிடம் கொஞ்சம் வாங்கி வாருங்கள். எதை வாங்குவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு வாளி பழைய தண்ணீர் கேட்டு வாங்கிப்போகிறார்கள். மோரில் மிதக்கும் பாக்டீரியா மாதிரி இவை தண்ணீரில் மிதப்பவை அல்ல. பஞ்சிலும் கல்லிலும் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு வாழ்பவை. கேட்க வேண்டியது அந்த அழுக்குப் பிடித்த பஞ்சைத்தான். அதைப் புதுத் தொட்டியின் வடிகட்டியில் செருகலாம், அல்லது தொட்டிக்குள்ளேயே பிழிந்துவிடலாம். தண்ணீர் சேறாகக் கலங்கும், பயப்பட வேண்டாம். எங்கள் அப்பா குழாயடியில் குளோரின் தண்ணீரில் தேய்த்துக் கழுவியது இந்தக் குடியேற்றத்தைத்தான். ஐந்து நாளில் ஏதோ கொஞ்சம் ஒட்டியிருக்கும், அதுவும் போயிற்று. பஞ்சை அலசித்தான் ஆக வேண்டுமென்றால் தொட்டியிலிருந்தே ஒரு வாளி எடுத்து அதில் லேசாக அலசுங்கள். புட்டியில் விற்கும் பாக்டீரியாவும் உண்டு. சில வேலை செய்கின்றன. வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்ததற்கு இருபது வெள்ளி கொடுப்பதைவிட, அழுக்குப் பஞ்சு இனாமாகக் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

உறை ஊற்றினாலும் அதற்குத் தீனி வேண்டுமே. மீனைப் போட்டுத்தான் தர வேண்டும் என்பதில்லை. பசாரில் வாங்கிய பச்சை இறால் ஒன்றைப் பழைய காலுறையில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டால் அது அழுகி அம்மோனியா தரும். வீட்டில் திட்டு விழும், அது வேறு விஷயம். சுத்தமாக வேண்டுமென்றால் அம்மோனியம் குளோரைடு கரைசலை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும்படி விடலாம். எப்படியானாலும் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனைக் கருவி கட்டாயம். முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும், பிடிவாதமாகப் பல நாள் உச்சத்திலேயே நிற்கும். அப்போது மீன் போட்டால் வேறு விதமான சாவு. நைட்ரைட் இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக்கிவிடும், இரத்தமே பழுப்பாகிவிடும். காற்றுக்குமிழி எவ்வளவு ஓடினாலும் மீன் மூச்சுத் திணறும். இன்று விட்ட 2 மில்லிகிராம் அம்மோனியா நாளை இதே நேரத்துக்குள் சுழியாகி, நைட்ரைட்டும் சுழியாக இருந்தால் தொட்டி தயார்.

ஏற்கெனவே மீன் போட்டுவிட்டீர்களா? சரி, தீனியை இரண்டு நாளைக்கு ஒரு சிட்டிகையாகக் குறையுங்கள். தினமும் கால்பங்குத் தண்ணீரை, குளோரின் நீக்கி மாற்றுங்கள். நைட்ரைட் ஏறினால் கொஞ்சம் உப்பு உதவும். உப்பின் குளோரைடு, செவுளில் நைட்ரைட் நுழையும் அதே வாசலில் முந்திக்கொண்டு நிற்கும்.

இப்போது அந்தச் சிப்பிகளுக்கு வருவோம். இந்த நுண்ணுயிரிகள் வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏழு கிராமுக்கு மேல் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரம் செலவாகும். காரம் குறைந்த தண்ணீரில் சில மாதத்தில் பிஎச் ஆறுக்குக் கீழே சரிந்து, அவை சோர்ந்து நின்றுவிடும். ஆக, முதல் வாரத்தில் எமனாக இருந்த சிப்பி, தொட்டி பழகிய பிறகு மருந்தாகிறது. இப்போது என் தொட்டி வடிகட்டியில் நாலைந்து சிப்பிகள் கிடக்கின்றன. அதே கடற்கரைச் சிப்பிகள்தான்.

மீன் வாங்கி வரும் பையிலும் இதே கதைதான். கட்டிய பைக்குள் மீன் விட்ட மூச்சில் கார்பன் டைஆக்சைடு சேர்ந்து பிஎச் தாழ்ந்திருக்கும், அம்மோனியாவும் சாதுவாகக் கிடக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு பறந்து, பிஎச் ஏறி, சாது விஷமாகும். பக்கத்துச் சந்தையிலிருந்து இருபது நிமிடத்தில் வந்த பை என்றால் பரவாயில்லை. காலையிலிருந்து கட்டிக் கிடந்த பை என்றால் கட்டை அவிழ்க்காமலேயே கால்மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள். பிறகு திறந்ததும், பைத் தண்ணீர் தொட்டியில் விழாமல் வலையில் மீனை மட்டும் தூக்கி விட்டுவிடுங்கள். முதல் வாரம் மூன்று மீனுக்கு மேல் வேண்டாம்.

போன மாதம் மேல்மாடி அக்கா புதிதாகத் தொட்டி வாங்கி, "தம்பி, உங்க தொட்டித் தண்ணி ஒரு வாளி கிடைக்குமா?" என்று வந்தார். பஞ்சைப் பாதியாக வெட்டி, கொஞ்சம் தண்ணீரோடு பையில் போட்டு, நடுவில் எங்கும் நிற்காமல் நேரே வீட்டுக்குப் போய்த் தொட்டியில் போட்டுவிடச் சொன்னேன். "இந்த அழுக்கையா?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே வாங்கிப்போனார்.