இதய வால்வுக்குள் ஓர் ஓவியர்

லியோனார்டோ டா வின்சி முப்பதுக்கும் மேற்பட்ட பிணங்களை அறுத்துப் பார்த்ததாகத் தானே எழுதி வைத்திருக்கிறார். படம் வரைவதற்கு அவ்வளவு தேவையே இல்லை. கை திரும்பும்போது எந்தத் தசை புடைக்கும், எது அடங்கும் என்று தெரிந்தால் போதும். இவர் அதோடு நிற்கவில்லை. 1513 வாக்கில், அறுபது வயதைத் தாண்டிய நேரத்தில், மாட்டு இதயத்தை வெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதயத்தின் இடது கீழறையிலிருந்து பெருந்தமனிக்குள் ரத்தம் நுழையும் வாசலில் ஒரு வால்வு இருக்கிறது. மூன்று மெல்லிய இதழ்கள், ஒவ்வொன்றும் சட்டைப்பை மாதிரி. இதயம் சுருங்கும்போது ரத்தம் அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய்கிறது. சரி, திறப்பது புரிகிறது. மூடுவது எப்படி? ரத்தம் திரும்பி வந்து பைகளை நிரப்பி மூடும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அது மட்டுமே வழி என்றால், மூடி முடிப்பதற்குள் ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் நிறையவே பின்னால் ஒழுகிவிடும். இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் முறை துடிக்கிறது.

லியோனார்டோ இதழ்களைப் பார்த்ததோடு அவற்றுக்குப் பின்னால் இருந்த சுவரையும் பார்த்தார். ஒவ்வோர் இதழுக்கும் நேர் பின்னே சுவர் வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. ஆற்றிலும் மதகிலும் நீர் சுழல்வதை வருடக்கணக்கில் வரைந்து பழகிய கை அவருடையது. கூந்தல் சுருள்வதையும் நீர் சுழல்வதையும் ஒப்பிட்டுக் குறிப்பெழுதிய ஆள். குறுகலான வாயைத் தாண்டி அகலமான இடத்துக்குள் பாயும் நீரின் ஓரம் சுருண்டு திரும்பும் என்பது அவருக்குத் தெரியும். ரத்தமும் அந்தப் புடைப்புக்குள் அப்படித்தான் சுருளும் என்று வரைந்தார். சுருளும் ரத்தம் இதழைச் சுவரில் ஒட்டவிடாமல் உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் ஓட்டத்தின் வேகம் குறையும்போதே இதழ்கள் மூடத் தொடங்கிவிடும். கடைசியில் கொஞ்சம் ரத்தம் பின்னோக்கி வந்தாலே போதும், வாசல் இறுக அடைபடும்.

இதைச் சோதிக்கவும் வழி எழுதி வைத்தார்: இதயத்துக்குள் மெழுகை ஊற்றி வடிவம் எடுத்து, அதை வைத்துக் கண்ணாடியில் மாதிரி செய்து, புல்விதை கலந்த தண்ணீரை உள்ளே ஓடவிட்டால் விதைகளின் போக்கில் சுழல் தெரியும். செய்தே பார்த்தாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அந்த யோசனையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் பெல்ஹவுஸ் என்ற ஆய்வாளர் வால்வின் மாதிரி ஒன்றைச் செய்து இந்தச் சுழலின் வேலையை விளக்கி எழுதியது 1968இல்தான். அப்புறம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்தபின் உயிருள்ள மனிதர்களின் இதயத்திலும் அதைப் பார்க்க முடிந்தது.

ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்பதே லியோனார்டோவுக்குத் தெரியாது. ஆங்கிலேய மருத்துவர் ஹார்வி அதை எழுதியது 1628இல். இதயத்துக்குள் ரத்தம் உரசிப் புரள்வதால்தான் உடல்சூடு உண்டாகிறது என்று லியோனார்டோ நம்பினார். பழைய நூல்களிலிருந்து வந்த பாடம் தவறு, கண்ணால் பார்த்தது சரி. அந்தத் தாள்கள் அச்சேறாமலே கிடந்ததால், புடைப்புகளுக்குப் பெயர் பின்னால் வந்த இத்தாலிய உடற்கூறியலாளர் வல்சால்வாவுக்குப் போய்விட்டது.

பெருந்தமனியின் அடிப்பகுதி ஆபத்தான அளவுக்கு விரிந்துபோனவர்களுக்கு, அந்தப் பகுதியை அகற்றிவிட்டுச் செயற்கைக் குழாய் வைக்கிறார்கள். நோயாளியின் சொந்த இதழ்கள் நல்ல நிலையில் இருந்தால் அவற்றை அந்தக் குழாய்க்குள்ளேயே தைத்துவிடுவதும் உண்டு. நேரான குழாயில் இதழ்கள் திறக்கும்போது சுவரில் போய் மோதலாம் என்பதால், இப்போது புடைப்பு வைத்த குழாய்களும் தயாராகின்றன.